ஜோயல் சுடும் பரங்கிக்காய் பிஸ்கட்

என் எஸ்தருக்கு,

நம் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். லீவில் இல்லை. அமெரிக்காவில் அவன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்களாம். அதில் ஜோயலும் ஒருவன். வேலை போனதும் விசாவும் போயிற்று. நீ இருந்திருந்தால் அவனைக் கட்டிக்கொண்டிருப்பாய். நான் பெட்டியை மட்டும் வாங்கி உள்ளே வைத்தேன்.

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்று குத்தாலம் முழுக்கச் சொல்லித் திரிந்தவனல்லவா நான்? இப்போது கடைத்தெருவுக்குப் போகவே கூசுகிறது. யார் கேட்டாலும், "லீவுல வந்திருக்கான்" என்கிறேன்.

அவன் சும்மா இருக்கவில்லை. மாயவரம் போய்ச் சின்னதாக ஒரு ஓவன் வாங்கி வந்தான். பரங்கிக்காயை வேகவைத்து, துணியில் கட்டித் தண்ணீரைப் பிழிந்து, மைதா, வெண்ணெய், நாட்டுச் சர்க்கரையோடு பிசைகிறான். பட்டையும் கிராம்பும் சுக்கும் மிக்ஸியில் பொடித்துச் சேர்க்கிறான். அங்கே குளிர்காலத்தில் பக்கத்து வீட்டம்மா செய்து தருவார்களாம். பிஸ்கட் என்கிறான், ஆனால் மெத்தென்று இருக்கிறது.

"வேகலையாடா?" என்றேன்.

"இது இப்படித்தாம்ப்பா இருக்கணும்" என்று சிரித்தான். ஊருக்கு வந்த பிறகு அப்போதுதான் சிரித்தான். நானோ, வாசனை தெருவுக்குப் போகிறதே என்று ஜன்னலைச் சாத்தினேன். ஆம்பிளைப் பிள்ளை பகலெல்லாம் அடுப்படியில் நிற்கிறான் என்று யாருக்கும் தெரியக் கூடாதாம்.

போன வாரம் அண்ணன் வந்தார். நாகப்பட்டினத்தில் ஒரு டீச்சர் பெண், நம் சபைதான், ஜோயலுக்குப் பார்க்கலாம் என்றார்.

"எப்பத் திரும்பிப் போறான்?"

"கிறிஸ்மஸ் முடிஞ்சதும்ண்ணே." வாய் கூசாமல் சொன்னேன், எஸ்தர்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஜோயல் பிஸ்கட் தட்டோடு வந்தான்.

"பெரியப்பா, எனக்கு வேலை போயிடுச்சு. திரும்பிப் போகல. பொண்ணு வீட்ல அதைச் சொல்லிட்டுப் பேசுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். "பரங்கிக்காயாடா இது?" என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். போகும்போது அவன் தோளைத் தட்டினார். என் பக்கம் திரும்பாமலே படியிறங்கினார்.

பிறகு அடுப்படிக்குப் போனேன். தட்டுகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டான்: "நான் இங்க இருக்கறது உங்களுக்கு அசிங்கமா இருக்காப்பா? சொல்லிடுங்க. சென்னைக்குப் போயிடறேன்."

இல்லை என்று ஒரே ஒரு சொல். அது ஏன் என் வாயில் வரவில்லை? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அன்றிலிருந்து அவன் ஓவனைத் தொடவில்லை. நேற்று போனில் சென்னை ரயிலுக்கு நேரம் விசாரித்துக்கொண்டிருந்தான். அவனை நினைத்துக் கூசியவன், இப்போது என்னை நினைத்துக் கூசிக் கிடக்கிறேன்.

இன்று காலை நானே போய் ஒரு பரங்கிக்காய் வாங்கினேன். "தம்பி எப்பங்க கிளம்புறாரு?" என்றார் காய்கறிக்காரம்மா.

"கிளம்பலம்மா. வேலை போயிடுச்சு. வீட்லதான் இருக்கான்."

முகமெல்லாம் சுட்டது. அந்தம்மா, "அதுக்கென்னங்க, நல்ல காயாப் பார்த்து எடுத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான்.

அவன் குளித்துக்கொண்டிருக்கிறான். வெளியே வந்ததும், "போகாதடா, இங்கயே இரு" என்று சொல்வேன். இந்த முறை தொண்டையில் நிற்க விடமாட்டேன், எஸ்தர். சத்தியமாகச் சொல்லிவிடுவேன்.

நம் ஜோயலின் அப்பா