முகட்டின் மறுபுறம்

அருமை மருமகளுக்கு,

ஒற்றியூர் ஈசன் துணை. அந்தமானின் ஆளற்ற இத்தீவில், மலைமுகட்டை இன்று ஏறிக் கடந்தேன். பாறைகள் கூர்மையானவை, முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன.

"இன்னா நைனா, பதிகம் பாடிக்கினே ஏறுனா மூச்சு எங்கருந்து வரும்? குந்து கொஞ்சம்!" என்று அதட்டினார், உடன்வந்த காசிமேட்டுக்காரர்.

மறுபுறக் கரையில், என் மகன் கடலுக்குக் கொண்டுபோன நம் விசைப்படகு பிளந்து கிடக்கிறது. அதன் முன்முனையில், அணியத்தில், நீ எழுதிய பெயர் அழியவில்லை.

அவன் உடலைக் காணாமல் கருமம் கூடாதென்று சாத்திரம் பேசி, இரண்டாண்டுகள் உன்னைக் காத்திருக்க வைத்தேன். உன்னை மணக்கக் கேட்டு வந்தவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். இன்று அக்கரையில் எள்ளும் நீரும் இறைத்துவிட்டேன்.

உனக்கு விருப்பமானால் சொல். ஊர் திரும்பியதும் அவர் வீட்டு வாசலில் நான் போய் நிற்கிறேன்.

உனக்கும் தகப்பனாக இருந்திருக்க வேண்டிய,
மாமனார்