மணல்மேட்டுக்கு முள்வேலி

12 ஆகஸ்ட், 2014
மணல்மேட்டை அளந்து காக்கும் வேலைக்காக இந்த மீனவக் குப்பத்துக்கு வந்து மூன்று மாதம். சத்தியவேட்டிலிருந்து நைனா போனில் இன்றும் அதையே கேட்டார்: "ஸ்ரீ சிட்டில கம்பெனி வேலை வூட்டாண்டயே கெடைக்குது. மணலுக்குக் காவல் இருக்க அம்மாந்தூரம் போவணுமா?"

குடிக்க இங்கே ஒரே ஊற்று. அதற்கும் கடலுக்கும் நடுவே இந்த மணல்மேடுதான். ஆடும் ஆளும் ஏறி ஏறி நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. மழைக்காலத்தில் அலை அந்த வழியாக வந்தால் ஊற்று உப்பாகிவிடும்.

18 ஆகஸ்ட்
மேட்டைச் சுற்றி முள்வேலி அடைத்து, உள்ளே மணலைப் பிடித்து நிறுத்தும் அடம்பங்கொடி நட்டேன். ஊரில் எங்கள் வேர்க்கடலைக் காட்டுக்கு அடைப்பதுபோல, கோழிகூட நுழைய முடியாது. நிறைவாக இருக்கிறது.

20 ஆகஸ்ட்
வேலி இல்லை. கொடிகள் மிதிபட்டுக் கிடந்தன.

"நாந்தான் புடுங்கிப் போட்டேன்," என்றார் குப்பத்து வெங்கடலட்சுமி அக்கா. "மேட்டுல ஏறாம மீனு எங்க கீதுன்னு எப்டிப் பாக்குறது? எம் மூஞ்சப் பாத்து வலையில வந்து வுழுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஊருக்கே போயிடலாமா?

21 ஆகஸ்ட்
அக்காவோடு மேட்டில் ஏறினேன். ஆண்களில் பாதிப்பேர் கம்பெனி ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தபின், மீன் பார்ப்பது அவர் வேலை. தூரத்துத் தண்ணீரில் ஒரு கருமை. மேகநிழல் என்று நினைத்தேன்; மீன் கூட்டம். அவர் துண்டை இடப்பக்கம் வீசினார். படகு அந்தப் பக்கம் வளைந்து வலை இறக்கியது.

மூன்று மாதமாக மணலை அளந்தேன். அதில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேனா? என்னத்தைப் படிச்சேன் இவ்வளவு புஸ்தகம்!

"எந்த வழியா ஏறுனா உங்களுக்குத் தோது, அக்கா?" என்றேன். இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

2 செப்டம்பர்
வழியைப் பெண்களே போட்டார்கள், மேட்டின் ஓரமாக, சாய்வாக. "நேரா வுட்டா காத்து தோண்டிக்கினு பூடும். இம்மாம் படிச்சும் இதுகூடத் தெரியாதா, டீச்சரம்மா?" என்று கிண்டல் வேறு. பழைய பள்ளத்தில் மட்டும் பனைமட்டை நட்டு அடைத்தோம். ஆடு விரட்ட வீட்டுக்கு ஒரு நாள் முறை.

5 அக்டோபர்
மட்டைகள் பாதி புதைந்துவிட்டன. மணல் சேருகிறது!

24 நவம்பர்
மூன்று நாள் காற்றும் மழையும். கடல் மேட்டின் அடிவரை ஏறியது. விடிந்ததும் ஊற்றுக்கு ஓடி ஒரு கை அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர்தான்.

அக்காவிடம் சொல்ல மேட்டுக்குப் போனேன். கடல்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. அங்கே ஐந்தாறு பெண்கள் குனிந்து கொடி நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் வரச் சொல்லியிருக்கவில்லை.

"இப்பதான் எழுந்து வர்றியா?" என்றார் அக்கா, நிமிராமல். "அந்தக் கூடையப் புடி."