நீங்கள் சொன்னதை முதலில் சொன்னேன்

அக்கா,

மட்டர் உரித்துக்கொண்டிருக்கிறேன். பச்சைப் பட்டாணி என்று சொல்ல வாய் வருவதில்லை. டெல்லிக் குளிரில் நாற்பது வருடம் உரித்தால் அது மட்டர்தான். தோல் பிளக்கும்போது எழும் அந்தப் பச்சை வாசனை என்னை உங்களிடம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

எதிரே பேத்தி டிவியில் ஏதோ வெள்ளைக்காரத் தொடர் பார்க்கிறாள். இருட்டு வீடு, ரத்தம், பொய். எனக்குப் பாஷை புரியாது. அவள்தான் சொல்லிச் சொல்லி வருகிறாள். மகன் ஒருவனைக் கொன்றுவிட்டான். அவனைப் பெற்றவள் போலீஸிடம், "அவன் வீட்டில்தான் இருந்தான்" என்கிறாள்.

"அவ பேட் இல்ல பாட்டி. மா இல்லியா? பேச்சாரி, பாவம், என்ன பண்ணுவா?"

கையிலிருந்த மட்டர் நழுவிவிட்டது. நீங்கள் பேசுவது போலவே இருந்தது.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே உங்கள் வீடு. திருநெல்வேலியிலிருந்து வந்த உங்களுக்குக் கடைசிவரை இந்தி ஏறவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற நான், காய்கறிக்காரர்களோடு சண்டை போட்டே இந்தி கற்றவள். மத்தியானம் வீட்டு ஆண்கள் ஆபீஸ் போனபிறகு, மட்டர்க் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு இந்திக் குற்றத் தொடர் பார்ப்போம். அவர்கள் பேசுவதை நான் தமிழில் சொல்வேன். சும்மா சொல்ல மாட்டேன். "பொய் சொல்றான்க்கா, களவாணிப்பய" என்று சேர்த்தே சொல்வேன்.

"அவன் சொன்னத மட்டும் மொதல்ல சொல்லுளா. ஒன் தீர்ப்ப பெறவு சொல்லு" என்பீர்கள்.

விளம்பரம் வந்ததும் நமது கோர்ட்டு கூடும். நான் தண்டிப்பேன், நீங்கள் விடுதலை செய்வீர்கள். பெண்டாட்டிக்குப் பாயசத்தில் விஷம் வைத்தவனுக்குக்கூட, "அவனுக்கு என்ன நெருக்கடியோ, பாவம்" என்றீர்கள்.

"நெருக்கடின்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானக்கா? எதுக்குப் பாயசத்துல கலக்குறான்?"

"நீ வைக்கிற பாயசம்னா வெசமே வேண்டாம்ளா."

சிரித்துச் சிரித்து மட்டர் தரையெல்லாம் உருண்டது.

பிறகு அந்தப் பனிமூட்டக் காலை. பால் பாக்கெட்டோடு குவார்ட்டர்ஸ் கேட் அருகே நின்றிருந்தேன். உங்கள் மகனின் கார் உள்ளே வந்தது. ஒரு விளக்கு உடைந்து தொங்கியது. அவன் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மாடி ஏறினான். பக்கத்து மோதி பாக் சாலையில், தினமும் வண்டியில் மட்டர் கொண்டுவரும் நம் மட்டர்க்காரரை யாரோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள் என்று பத்து மணிக்குச் சேதி வந்தது. அவருக்கு இடுப்பெலும்பு நொறுங்கிப்போயிருந்தது.

உடனே போலீஸுக்குப் போனேனா? இல்லை. உங்களிடம்தான் ஏறி வந்தேன். "தம்பிய நீங்களே கூட்டிட்டுப் போயிச் சொல்லிருங்கக்கா. நீங்களா போனா மரியாதையா இருக்கும்." நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஏளா, நீ ஒண்ணும் பாக்கல" என்றீர்கள். இரண்டு நாள் பொறுத்தேன். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி மூன்று பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தும் பொறுத்தேன்.

மூன்றாம் நாள், கார் உள்ள வீடுகளை விசாரித்து வந்த போலீஸ்காரர் உங்கள் வாசலில் நின்றார். அவர் பேசுவது உங்களுக்குப் புரியவில்லை. மாடிப்படியில் தலையை நீட்டி, எத்தனையோ முறை கூப்பிட்டது போலவே என்னைக் கூப்பிட்டீர்கள். வந்து நின்றேன்.

"எம்மவன் அன்னைக்குக் காலைல வீட்டுலதான் படுத்துக் கெடந்தான்னு சொல்லுளா."

உங்கள் பொய்யை என் வாயால் சொல்லச் சொன்னீர்கள் அக்கா. அதைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

சொன்னேன். நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் இந்தியில் சொன்னேன். அவர் "அச்சா" என்று எழுதிக்கொண்டார். அதன்பிறகு, "இது இவர்கள் சொன்னது. இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன்" என்று விளக்கு உடைந்த காரைச் சொன்னேன். இந்தி தெரியாத உங்களுக்கு என் முகம் பார்த்தே புரிந்துவிட்டது. என் பின்னால் கதவு சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவன் சிறைக்குப் போனான், வந்தான், இன்று பேரன் பேத்தியோடு இருக்கிறான். மட்டர்க்காரருக்குத்தான் நடை திரும்பவில்லை. மனைவி வண்டி தள்ள, அவர் அதன்மேல் உட்கார்ந்து நிறுத்துப் போட்டார். கோயிலில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஊருக்குக் குடிபெயரும்போது சொல்லவில்லை. நீங்கள் காலமான சேதியைக்கூட உங்கள் வீட்டார் எனக்குச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தபிறகு யாரோ சொல்லித் தெரிந்தது. எதையும் நான் மறக்கவில்லை. டிவியில் எத்தனை கொலைகாரர்களை மன்னித்தீர்கள். என்னொருத்தியை மன்னிக்க உங்களுக்கு மனசு வரவில்லை.

நானும் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை.

தொடரில் அந்தத் தாய் தனியே சமையலறையில் நின்று அழுகிறாள். எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது. அவள் பேச்சாரிதான், இல்லையென்று யார் சொன்னது? நீங்களும் அப்படி நின்று அழுதிருப்பீர்கள், கீழ்வீட்டில் இருந்த எனக்குத் தெரியாதா? ஆனால் அடிபட்டுக் கிடந்தவனின் சமையலறையை எந்தத் தொடரிலும் காட்டுவதில்லை அக்கா.

"பாட்டி, அவ எடத்துல நீ இருந்தா கியா கர்த்தி? என்ன பண்ணுவே?" என்கிறாள் பேத்தி.

"மொதல்ல அவ சொன்னத முழுசாச் சொல்லு. பெறகு நான் என் தீர்ப்பச் சொல்றேன்" என்றேன்.

அது உங்கள் பேச்சு. அதை மட்டும் நான் திருப்பித் தரவில்லை. நாளைக்கே நீங்கள் அந்த வாசலில் நின்று மறுபடி கூப்பிட்டாலும் வருவேன். நீங்கள் சொல்வதை ஒரு வார்த்தை குறையாமல் சொல்வேன். அப்புறம் நான் பார்த்ததையும் சொல்வேன்.