ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தவர்கள்

என் அன்பு அக்கா,

உலகக் கிண்ணத்துக்குக் கட்டிய கொடிகள் ஸ்டுட்கார்ட் பல்கனிகளில் இன்னும் நனைந்துகொண்டு தொங்குகின்றன. உங்கள் வாடகை வீட்டுச் சாவியைப் போன கிழமைதான் வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம். இந்த நாலு மாதத்தில் அழுததைவிட எரிந்ததுதான் கூட. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அபேனா மேல் எனக்குப் பொறாமை. எழுதவே கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

நீங்கள் சமையலறையில் வேலை செய்த ஆஸ்பத்திரியில் அவள் தாதி. கானாக்காரி. கறுப்புப் பெண்கள் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள், நோகிறது என்று சொன்னாலும் அவர்களைப் பாதிதான் நம்புகிறார்கள் என்று கண்டு, சனிக்கிழமைகளில் அவர்களைப் பூங்காவில் கூட்டினாள். மேளம், ஆட்டம், நடை, துணியில் ஓவியம். இடையில் இரத்த அழுத்தம் பார்ப்பது. உங்களையும் கூப்பிட்டாள்.

"அது கறுப்பு ஆக்களின்ரை கூட்டமெல்லோ, உங்களுக்கு அங்கை என்ன வேலை?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்திலை எங்கடை சனமே என்னைக் கறுப்பி எண்டுதானே கூப்பிட்டது? அப்ப எனக்கு முன்வரிசையிலை இடமிருக்கு!" என்று சிரித்தீர்கள். வெள்ளைச்சி என்று கொஞ்சப்பட்ட நான் சிரிக்கவில்லை.

"நீயும் வாவன்" என்றீர்கள்.

"மேளம் அடிச்சா பிரஷர் இறங்குமோ அக்கா? எனக்கு ஏலாது. ஆரோ ஒராளின்ரை அன்ட்ராக் நிரப்பக் கிடக்கு." ஊர்ச் சனத்தின் விண்ணப்பங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும் என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. மூன்று வருடம் கேட்டீர்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டீர்கள். எப்போது விட்டீர்கள் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

வயிற்றில் புற்று வந்து நீங்கள் படுத்தபோது, அபேனா கட்டிலருகே வந்து "அக்கா" என்றாள். தமிழில். நீங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு நான் ஒருத்திதானே சொந்தக்காரி? அதை ஏன் அவளுக்குக் கொடுத்தீர்கள்?

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அபேனாவும் பூங்காப் பெண்களுமாகப் பதினொரு பேரும் ஒரே நீலத் துணியில் தைத்த உடுப்போடு வந்தார்கள். செத்தவருக்காக எல்லாரும் ஒரே துணி எடுத்து உடுத்துவது அபேனாவின் ஊர் வழக்கமாம். நீலம் உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. "கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கினம்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நான் தடுக்கவில்லை. கேட்க இனித்தது.

அன்றைக்கு அபேனா ஜெர்மனில் கேட்டாள்: "அக்கா வரைந்த துணி வீட்டில் இருக்கிறதா? நிறம் தீட்டி முடிக்கக் கொண்டு போனா. கோடை முடிய முதல் பூங்காவில் கட்டவேணும்."

"இல்லை" என்றேன். உங்கள் நிலவறைப் பெட்டிக்குள் அதை முந்தின நாள்தான் கண்டிருந்தேன். பிறகும் இரண்டு தரம் போன் எடுத்தாள். இரண்டு தரமும் அதே பொய்.

வீட்டைக் காலி செய்த அன்று அதை நிலத்தில் விரித்தேன். பதினொரு பெண்கள். எல்லாரும் பூங்காவின் நீள வாங்கில் அமர்ந்திருக்கிறார்கள், ஒரு சட்டைக்கையை மடித்துவிட்டபடி, மேல்கையில் அழுத்தம் பார்க்கும் பட்டியோடு. என்னைத் தேடினேன் அக்கா. ஓரத்தில், மரத்துக்குப் பின்னால், எங்காவது. இல்லை.

சனிக்கிழமை துணியைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கே போனேன். மன்னிப்புக் கேட்க முதல் வாயில் வந்தது இதுதான்: "நான் ஏன் இதில் இல்லை?"

"முறைக்கிற இவ யார்? ஆடவும் தெரியுமா?" என்று மேளத்தோடு இருந்தவள் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். அபேனா சிரிக்கவில்லை. துணியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அழுத்தம் பார்க்க முதல் ஐந்து நிமிடம் பேசாமல், அசையாமல் இருக்கவேணும். அந்த நேரத்தில்தான் அக்கா எங்களை வரைவா. தங்கச்சியையும் வரையுங்களேன் என்று நான் கேட்டேன். 'அவள் எனக்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்ததே இல்லை. எனக்கு அவளின் ஓடுகிற முகம்தான் தெரியும்' என்றா."

நான் வாங்கில் இருந்தேன். சட்டைக்கையை மடித்தேன். ஐந்து நிமிடம். வரைய யாரும் இல்லை.

பட்டியைக் கட்டி எண்ணைப் பார்த்த அபேனா, அதை அவிழ்த்து இன்னொரு தரமும் கட்டிப் பார்த்தாள். "திங்கட்கிழமையே டாக்டரிடம் டெர்மின் எடு. அவர் அலட்சியம் செய்தால் நான் கூட வாறன்." உங்களோடும் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று நினைத்ததும், போன பொறாமை திரும்பி வந்து பக்கத்தில் இருந்துகொண்டது.

துணி இப்போது இரண்டு மரங்களுக்கு நடுவில் தொங்குகிறது. நாளைக்கு டாக்டரைப் பார்க்க எனக்கு டெர்மின். போவேன் அக்கா. இனிச் சனிக்கிழமைகளில் யாருடைய விண்ணப்பத்தையும் தொடமாட்டேன். அந்த வாங்குக்குப் போவேன். அபேனா உங்களை அக்கா என்றே சொல்லட்டும். ஆனால் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட அவளை விடமாட்டேன். அது உங்கள் வாயோடு போனது.

ஐந்து நிமிடம் இருக்கப் பழகுகிற
உங்கள் தங்கச்சி