ஒண்ணரையின் ஆறாவது விரல்

ஜூன் 12, வியாழன்

"மிஸ், யாளி முட்டை போடுமா, குட்டி போடுமா?"

ஏழாம் வகுப்பு துர்கா கேட்டது. வில்லியனூர் கோயிலைப் பார்க்க மாணவிகளை அழைத்துப்போன மறுநாள். அன்று தவளையின் வாழ்க்கைச் சுழற்சி நடத்திக்கொண்டிருந்தேன். "அது சிலபஸ்ல இல்ல. உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. விலங்கியல் டீச்சரிடம் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

இன்று ஏன் நினைவு வந்தது என்றால், ரோசா அண்ணி மாடியிலிருந்து போனும் கையுமாக இறங்கி வந்தார். பிரான்சில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். 'உங்கள் ஊருக்கென்று ஒரு புராண மிருகம்.' பழைய கதையில் வந்ததாக இருக்கக்கூடாது, புதிதாகப் படைக்க வேண்டும். படம் தாளில், கையால் வரைந்தது. கூடவே அது எப்படி வாழ்கிறது என்று பிரெஞ்சில் ஒரு பக்கம். இருவர் சேர்ந்தும் செய்யலாம். கடைசி நாள் ஜூலை 10.

"நீ யோசி ஜோவி. நான் வரையறேன்."

அண்ணி என் கணவர் பிரான்சுவாவின் அக்கா. நாற்பது வருஷம் அங்கே ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டியவர். சுண்ணாம்புக் கோடு போட்டால் ஸ்கேல் வைத்தது போல இருக்கும். ஒன்றரை வருஷமாக எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டு மாடியில் இருக்கிறார். மகன் லூர்துபிரகாஷ் இன்னும் பிரான்சில்தான், லியோனில்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

யாளி முட்டைதான் போடும் என்று தோன்றுகிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஹாலில் இருக்கும் ட்யூஷன் பலகையில் ஆரம்பித்தோம். அண்ணிக்கு இறக்கை வேண்டுமாம். நான் கூடாது என்றேன். நாலு காலும் இரண்டு இறக்கையும் சேர்ந்தால் ஆறு. முதுகெலும்புள்ள எதற்கும் ஆறு கிடையாது. பறவையின் இறக்கை என்பது அதன் முன்கால்தான், கோழியை உரித்துப் பார்த்தால் தெரியும்.

"புராண மிருகத்துக்கு இன்னாத்துக்கு ஜோவி கோழிய உரிக்கிற?"

"இருந்தா இப்படித்தான் அண்ணி இருக்கும்."

"இல்லாததத்தான இவங்க கேக்குறாங்க?"

பிரான்சுவா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அதுக்கு ரேஷன் கார்டு உண்டா?" என்றார். வேறு உதவி எதுவும் செய்யவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

காந்தி வீதியில் படம் வரைய இந்தியன் இங்க் வாங்கப் போனேன். மணி ஒன்று ஐந்து. என் மூக்குக்கு நேராக ஷட்டர் இறங்கியது. "நாலு மணிக்கு வாங்கம்மா." அடுத்த கடை, அதற்கடுத்த கடை, வரிசையாக. இரண்டு நிமிஷத்தில் தெரு முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. இந்த ஊரில் பிறந்து அறுபத்து மூன்று வருஷமாக நானும் அந்த நேரத்தில் தூங்குகிறேன். ஆனால் இத்தனை பேரை ஒரே நேரத்தில் தூங்கவைப்பது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதுதான் எங்கள் மிருகம். ஒரு மணிக்குக் கடற்கரைப் பாறைகளுக்குள்ளிருந்து வரும். ஊரைச் சுற்றும். நாலு மணிக்குத் திரும்பிவிடும். எல்லோரும் தூங்குவதால் யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். பிரான்சுவா பாயில் படுத்தபடி கண்ணைத் திறக்காமல், "மணி இன்னா?" என்றார்.

"ஒண்ணரை."

"அப்ப அது வர்ற நேரம். ரெண்டு பேரும் வாய மூடுங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். பெயர் வைத்தாகிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

ஒண்ணரை என்ன சாப்பிடும்? சத்தம். ஆரன், மிக்சி, பக்கத்து வீட்டு டிவி சீரியல்.

சாப்பிட்டால் கழிவு வேண்டுமே? சாப்பிட்டு வெளியே விடாத உயிர் உலகத்தில் இல்லை. இதில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் நேரு வீதியைக் கடக்க முடியாமல் நிற்கும்போது விடை காதிலேயே விழுந்தது. மூன்று மணி நேரம் தின்ற சத்தத்தையெல்லாம் நாலு மணிக்கு அங்கேதான் இறக்கிவைத்துவிட்டுப் போகிறது.

அண்ணி சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 24, செவ்வாய்

உடம்பு மரநாய் போல நீளம். கன்றுக்குட்டி உயரம். காது வாழையிலை அளவு. யானைக்குக் காது விசிறி என்றால் இதற்குப் போர்வை. படுக்கும்போது மேலே இழுத்து மூடிக்கொள்ளும். உள்ளங்காலில் பூனைக்கு இருப்பது போல மெத்தை. வெயில் பட்ட பழைய மஞ்சள் சுவரின் நிறம்.

இன்று ஐந்தாவது முறையாக முகம் மாற்றினோம். ஒவ்வொரு நாளும் பலகையை அழித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். அடுத்த பீரியட் டீச்சருக்குச் சுத்தமான பலகை விட்டுப்போக வேண்டும் என்பது முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். அடுத்த பீரியடும் நானேதான், ஆனாலும் கை கேட்பதில்லை.

ஜூன் 27, வெள்ளி

சண்டை.

முன்னங்கால் இடதில் மட்டும் ஆறு விரல் வேண்டும் என்றேன். காரணம் இருக்கிறது. ஊரே தூங்கும்போது யாராவது காலிங் பெல்லை அழுத்தினால்? அந்த ஆறாவது விரல் நீளமாக, நுனி தட்டையாக இருக்கும். மணிக்குள் விட்டு அடைத்துவிடும். பல்லிக்குச் சுவரில் ஒட்ட விரல், மரங்கொத்திக்குப் புழு எடுக்க நீள நாக்கு, இதற்கு இது. ஓரத்தில் வரைந்திருக்கிறேன், பார். (நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்!)

அண்ணி முடியாது என்றார். "ஒரு கால்ல ஆறு, மத்ததுல அஞ்சுன்னா எண்ணத் தெரியாதவன் வரைஞ்சதுன்னு நெனப்பாங்க."

நான் மரங்கொத்தியில் ஆரம்பித்தேன்.

"ஜோவி, நான் உன் கிளாஸ்ல இல்ல. உனக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்துச்சே, அத நீ படிச்சியா இல்லியா?"

பிரஷ்ஷை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

எப்போதும் இப்படித்தான். வாயைத் திறந்தால் பிரான்ஸ். அங்கே ரொட்டி அப்படி, அங்கே பஸ் அப்படி. இங்கே வெயில்கூட இவங்களுக்குச் சரியா அடிக்கிறதில்ல. சொல்றத யாரும் மறுத்துப் பேசக்கூடாது. இவங்க மகன் மூணு மாசமா ஏன் போன் பண்றதில்லன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.

ஜூன் 28, சனி

காலையில் காபிக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஆறே போட்டுட்டேன். யோசிச்சுப் பாத்தா மணிய அடைக்கத்தான் வேணும்."

நேற்று எழுதிய கடைசி வரியை அடித்துவிட வேண்டும். ஆனால் நோட்டில் அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது. இருக்கட்டும். யார் படிக்கப்போகிறார்கள்?

ஜூலை 4, வெள்ளி

அண்ணி காரைக்காலுக்கு ஒரு திருமணத்துக்குப் போய் மூன்று நாள். இன்றும் மூன்று டம்ளரில் காபி ஊற்றிவிட்டேன். பிரான்சுவா இரண்டைக் குடித்தார்.

ஜூலை 8, செவ்வாய்

அனுப்பிவிட்டோம்!

ஒண்ணரை ஒரு பூட்டிய கடை வாசலில் படுத்திருக்கிறது. ஒரு காது மேலே போர்த்தி, இடது முன்னங்கால் மட்டும் வெளியே. தூங்கும் முகம் பிரான்சுவாவுடையது. அவருக்கு இன்னும் தெரியாது. பென்சில் கோடு ஒன்றுகூடத் தெரியாமல் அண்ணி ரப்பரால் துடைத்தெடுத்துவிட்டார். அவ்வளவு சுத்தம்.

கீழே கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார். "நாப்பது வருஷம் நான் வெட்டுனேன். லேபிள்ல ஒருநாளும் எம்பேரு இல்ல."

மகனுக்கும் படத்தை அனுப்பினார். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஜூலை 17, வியாழன்

மின்னஞ்சல் வந்தது. அண்ணி உரக்க வாசித்து, பாதியில் நிறுத்தினார்.

எங்கள் படம் கணினி தானாக உருவாக்கியதோ என்று நடுவர்களுக்குச் சந்தேகமாம். அப்படிப்பட்ட படங்களில் விரல் எண்ணிக்கை தவறும். எங்கள் மிருகத்துக்கு ஒரு காலில் ஆறு. ஆறு நாளைக்குள் ஆரம்பப் படங்களை, முழுப் பக்கமாக, வெட்டாமல் மறைக்காமல் அனுப்ப வேண்டும். கையெழுத்துக் குறிப்புகள் இருந்தால் மொழிபெயர்ப்போடு. இல்லையென்றால் நீக்கம்.

"நான் வரையலயாம், ஜோவி" என்றார் அண்ணி. அவ்வளவுதான்.

விரலை எண்ணுவார்கள் என்று அன்றைக்கே சொன்னவர். பிடிவாதம் பிடித்தது நான்.

ஜூலை 18, வெள்ளி

ஆரம்பப் படம் எங்கே இருக்கிறது? பலகையில் இருந்தது. ஐந்து முகம், எட்டுக் காது, எல்லாவற்றையும் நானே டஸ்டரால் துடைத்தேன். சுண்ணாம்புத் தூள்தான் மிச்சம். அதை அனுப்பலாமா?

மத்தியானம் படுத்தும் தூக்கம் வரவில்லை. திடீரென்று எழுந்து உட்கார்ந்தேன். இந்த நோட்டு! ஜூன் 27. ஓரத்தில் கால் இருக்கிறது, விரல் இருக்கிறது, காரணம் இருக்கிறது, தேதி இருக்கிறது.

எடுத்துப் பார்த்தேன்.

ஐயோ.

ஜூலை 19, சனி

அந்தப் பக்கத்தின் கீழேதான் அந்த வரியும் இருக்கிறது. மறைக்கக்கூடாது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மொழிபெயர்க்க என் பிரெஞ்சு போதாது. எனக்குத் தெரிந்தது ஒரு செபமும் இரண்டு வணக்கமும்தான். வேறு யாரிடமாவது கொடுக்கலாம். அப்போதும் அனுப்புவதற்கு முன் அண்ணி பார்க்காமல் இருப்பாரா?

பேசாமல் விட்டுவிட்டால் என்ன? போட்டிதானே. நோட்டில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால் அண்ணி நேற்றிலிருந்து வண்ணப் பெட்டியைத் திறக்கவில்லை. அவர் வரையவே இல்லை என்று எங்கேயோ எழுதி வைத்திருப்பார்கள். அப்படி இல்லை என்பதற்குச் சாட்சி என் அலமாரியில் இருக்கிறது.

பிரான்சுவாவிடம் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "அக்காகிட்ட குடுத்துடு. குடுக்குற அன்னிக்கி மட்டும் முன்னாடியே சொல்லு, எனக்குத் தட்டாஞ்சாவடியில ஒரு வேல இருக்கு."

"இன்னா வேல?"

"அங்க போய்த்தான் தேடணும்."

ஜூலை 20, ஞாயிறு

கொடுத்துவிட்டேன்.

"அண்ணி, இதுல கால் இருக்கு. கீழ உங்களப் பத்தியும் இருக்கு. நான் எழுதுனதுதான். கோவத்துல எழுதுனது. ஆனா எழுதுனது நான்தான்."

வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். மணி ஒன்று. நாலு மணி வரை மாடியில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலை எட்டு மணிக்கு இறங்கி வந்து நோட்டை மேசையில் வைத்தார்.

"வெரலப் பத்தி எழுதுனது சின்ன எழுத்து. என்னப் பத்தி எழுதுனது பெரிய எழுத்து. போட்டோல நல்லாத் தெளிவா விழுந்துருக்கு."

"அண்ணி—"

"எல்லாத்தையும் பிரெஞ்சுல போட்டுட்டேன். ஒரு வரியும் விடல. எனக்கு ஸ்பெல்லிங் முன்ன மாதிரி வராது. அதனால திருத்தச் சொல்லி அவனுக்கு அனுப்புனேன்."

"யாருக்கு?"

"எனக்கு எத்தினி மகன் ஜோவி?"

அவன் ஒரு மணி நேரத்திலேயே திருத்தி அனுப்பிவிட்டானாம். ஒரு வார்த்தை கூட்டி எழுதவில்லை. ஏழு பிழை.

அண்ணி காபியைக் குடித்தார். உட்கார்ந்து குடித்தார். பிறகு சொன்னார்: "ஜூலை நாலாம் தேதி பக்கத்தையும் சேத்து அனுப்பிட்டேன். அதுல கால் இல்ல. ஆனா இருக்கட்டும்னு தோணுச்சு."

மூன்று டம்ளர் காபி. நான் தோசை வார்க்கப் போனேன்.

ஜூலை 25, வெள்ளி

எங்கள் படத்தை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். அவசரப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வரி. நடுவர்களில் ஒருவர் தெரிந்துகொள்ள விரும்புகிறாராம்: அந்த மகன் போன் செய்தானா?

அண்ணி அந்த வரியை மட்டும் வாசிக்காமல் போனை என்னிடம் நீட்டினார். "இத நீயே எழுத்துக்கூட்டிப் படி, டீச்சர்" என்றார். அகராதி வைத்துத்தான் படித்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. பரிசு இல்லை. பனிக்கரடி ஒன்றுக்குக் கொம்பு வைத்தவர் வாங்கிவிட்டார். அந்தக் கொம்பு மண்டையோட்டில் எங்கே பொருந்தும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரான்சுவா போனில் எங்கள் ஒண்ணரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இந்த மூஞ்சிய எங்கியோ பாத்துருக்கேன்" என்றார்.

அண்ணி புது வண்ணப் பெட்டி வாங்கிவந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மத்தியானம். சாப்பிட்டுப் படுத்தாயிற்று. தெரு அடங்கிவிட்டது. மாடியில் போன் அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒண்ணரை. அங்கே காலை பத்து.

அடித்துக்கொண்டே இருந்தது. பிரான்சுவா கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். "அந்த ஆறாவது வெரலு எங்க போச்சு இன்னிக்கி?" என்றார். குரலில் கோபம் இல்லை.

பிறகு மணி நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம். அண்ணியின் குரல். அப்புறம் சிரிப்பு, இருமல். நாங்கள் இருவரும் தூங்குவது போலப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாலு மணிக்கு அண்ணி இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. நான் காபிக்கு எழுந்தேன்.

"இரு. உனக்கு ஒரு சேதி சொன்னான். 'அத்தைகிட்ட சொல்லு, நான் போன் பண்ணிட்டேன். நோட்டுல எழுதிக்கட்டும்'னான்."

எழுதிவிட்டேன்.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்க்கிறார். பார்க்கட்டும். இந்த நோட்டை இப்போது யார் யாரோ படிக்கிறார்கள். அதனால் படிக்கிறவருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். துர்கா கேட்டதற்கு இன்னும் விடை இல்லை. அண்ணி குட்டி என்கிறார், நான் முட்டை என்கிறேன். ஒரு தாளை எடுத்து, மேலே இன்றைய தேதியைப் போட்டு, பிறந்து ஒருநாள் ஆன யாளியை வரைந்து பாருங்கள்.