கனகம் கேட்ட பச்சை

கே.கே. நகர், மதுரை
18-6-1983

அன்புள்ள ஹரிநாராயணனுக்கு அம்மா எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், பிலாயில் நீயும் கனகலட்சுமியும் அப்படியே இருக்க வேண்டும். வெயில் இன்னும் குறையவில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மார்க்கெட் வரை நடக்கிறார். ஹாலுக்கு டிஸ்டெம்பர் அடித்தாயிற்று. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும், நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது கனகம் கலர் அட்டையில் ஒரு பச்சையைத் தொட்டுக் காட்டினாள் அல்லவா, லேசாகச் சாம்பல் கலந்தது. எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்துப் பச்சை, அதில் மஞ்சள் ஒரு பொட்டு கூடுதல். மருமகள் ஆசைப்பட்டதையே அடிப்போம் என்று அப்பா சொன்னார், நானும் தலையாட்டினேன். நீங்கள் ரயில் ஏறியதும் பெயிண்டர் மொக்கையனிடம் என் பச்சையை வாங்கிவரச் சொன்னேன். இது அந்தப் பாப்பா சொன்னது இல்லையேம்மா, ரெண்டுக்கும் எம்புட்டு வித்தியாசம் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தேன். சாயப்பட்டறை வீட்டில் பிறந்தவள் நான், நூலை ஈரத்தில் பார்த்தே காய்ந்தால் என்ன நிறம் என்று சொல்கிறவள், அந்த வாயால் சொன்னேன். அடித்து முடித்ததும் கனகத்துக்கு நல்ல ரசனை என்று அப்பா மெச்சினார், அப்போதும் நான் பேசவில்லை. வந்து நாலு மாதம் ஆகவில்லை, வீட்டுச் சுவருக்கு இவள் நிறம் சொல்வதா என்கிற வீம்பு, வேறொன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் பார்சல் வந்தது. ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை, கரை முழுக்கக் கையால் போட்ட பூவேலை, இலைகளுக்கு அவள் கேட்ட அதே பச்சையில் நூல். அத்தை கண்ணுக்குத் தப்பாது என்று ஏழு கடை ஏறி இறங்கி எடுத்தேன் என்று சீட்டு வைத்திருந்தாள். சுவரோரம் பிடித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. வெட்கமாக இருக்கிறதடா.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, எழுந்து போய்விட்டார், திட்டியிருக்கலாம். திங்கட்கிழமை மொக்கையன் வந்து அவள் பச்சையை அடிப்பார். அதோடு விட்டுவிட்டால் அவளுக்குத் தெரியவே போவதில்லை, ஆனால் அந்தச் சீட்டைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை.

இருவரும் நன்றாக இருங்கள், பெருமாள் துணை. வேலை வேலை என்று வேளை தப்பிச் சாப்பிடாதே. இந்தக் கடிதத்தை நீ படித்துச் சொல்ல வேண்டாம், அவள் கையிலேயே கொடு. அவளுக்கு எழுதியதுதான், உறைமேல் அவள் பெயரை எழுதக் கை வரவில்லை.

அம்மா
சீதாலட்சுமி