சிவப்பு மசி அட்டை

சுகமா இருக்கீங்களா? நீங்களும் உங்க ஒம்போது மில்லுக் கடியாரமும்?

நான் விளாத்திகுளத்துக்கு நம்ம மக ரேணுகா வீட்டுக்குப் போறேன். சோறு வடிச்சாச்சு, பருப்புக் குழம்பு அடுப்பு மேல இருக்கு. சாப்பிட நேரம் பிந்துனா நீங்களே உங்களுக்கு அட்டை அடிச்சுக்கிடுங்க.

எந்த மில்லு மூடுனாலும் ஓடிப்போய்க் கடியாரத்தத் தூக்கிட்டு வந்தீங்க, பொறுத்தேன். நான் வேல பாத்த மில்லுல நேரம் அடிக்கிற அந்த மிசினையே வாங்கியாந்து அடுப்பங்கரையில மாட்டுனீங்க, அதையும் பொறுத்தேன். நேத்து சோறு வைக்க ஏழு நிமிசம் பிந்துச்சுன்னு சிவப்பு மசியில அட்டை அடிச்சு, சிரிச்சுக்கிட்டே நீட்டுனீங்க பாருங்க, அதப் பொறுக்க முடியல.

ரேணுகாவுக்கு அம்மை போட்டிருந்த அன்னைக்கும் நான் ஏழு நிமிசந்தான் பிந்துனேன். அப்ப அதே மில்லுல டைம் கீப்பர் நீங்க. கட்டுனவளாச்சேன்னு பாக்காம, எல்லாரு முன்னாலயும் மில்லு கேட்டை அடைச்சீங்க. அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சீங்க.

சாயங்காலம் கயத்தாறு மெக்கானிக் பேச்சிராஜா அந்த மிசினுக்கு மணி மாட்ட வாராராம்ல. மாட்டச் சொல்லாதீங்க, மிசினையே கழட்டச் சொல்லுங்க.

பிரசர் மாத்திரைய மிசினுக்கு மேலயே வச்சிருக்கேன். அங்கனதான உங்க கண்ணு இருக்கும்.

நேத்து நீட்டுன அட்டைக்குப் பின்னாலதான் இத எழுதுதேன். திருப்பிப் பாருங்க. வெளிய போன நேரம், காலையில ஆறு பத்துன்னு நானே அடிச்சிருக்கேன். உள்ள வந்த நேரத்துக்கான கட்டம் காலியாக் கெடக்கு. மிசினு சுவத்துல இருக்குற வரைக்கும் அது அப்படியேதான் கெடக்கும்.

வேலுத்தாய்

எடமில்ல, ஓரத்துல எழுதுதேன்: கழட்டுனதும் போன் போடுங்க. சிரிச்சுக்கிட்டுப் போடாதீங்க.